வளர்ந்த பிள்ளைகளோடு முதல் சுற்றுலா: சிங்கப்பூர், மலேசியா திட்டத்தைக் கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள்

டர்பன் அம்மா:
எல்லோருக்கும் வணக்கம். நான் கடலூர்ப் பக்கம், கல்யாணமாகித் தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்கு வந்தவள். கணவர் குடும்பம் தலைமுறை தலைமுறையாக இங்கேதான். பெரியவனுக்கு 17 வயது, சின்னவளுக்கு 14. இதுவரை எங்களுக்கு வெளிநாடு என்றால் என் அம்மா வீடுதான். இறங்கினால் கூட்டிப்போக மாமா வந்து நிற்பார், அப்புறம் வீடு வீடாகச் சாப்பாடு. சுற்றிப் பார்க்கவென்றே டிக்கெட் போட்டு, ஹோட்டலில் தங்கி, நாங்களாகவே வழி தேடிப் போவது இதுதான் முதல் தடவை.

ஜூன், ஜூலை பள்ளி விடுமுறையில் போகிறோம். இரண்டு வாரத்துக்குக் கொஞ்சம் குறைவு. சிங்கப்பூர், கோலாலம்பூர், பினாங்கு, பாங்காக், புக்கெட் என்று எழுதி வைத்திருக்கிறேன். அவருக்குத் துறைமுகத்தில் வேலை. முதல் வாரம் லீவு இல்லை, கோலாலம்பூருக்கு வந்து சேர்ந்துகொள்வார்.

திட்டத்தைப் பார்த்த பெரியவன், "இது டூரா, டியூஷனா? தினமும் ஏழு மணிக்கு எழணுமா?" என்று கேட்டுவிட்டான். சின்னவள் கோயில் என்ற சொல் காதில் விழுந்ததுமே ஹெட்போனை மாட்டிக்கொண்டாள்.

இன்னொரு கவலையும் இருக்கிறது. என்னுடையது இந்தியப் பாஸ்போர்ட், இங்கே நிரந்தர வசிப்பு அனுமதியில் இருக்கிறேன். அவர்கள் மூவருக்கும் தென்னாப்பிரிக்கப் பாஸ்போர்ட். என் பெயரோடு என் அப்பா பெயர், பிள்ளைகளுக்கு அவர் குடும்பப் பெயர். நான் தனியாக அழைத்துப்போகும்போது ஏர்போர்ட்டில் நிறுத்துவார்களா?

ஜோபர்க் அண்ணா:
ஊர் பார்ப்பதைப் பிறகு பேசலாம், முதலில் காகிதம்.

நிறுத்தினாலும் காட்ட எல்லாம் கையில் இருந்தால் ஐந்து நிமிட வேலைதான். பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளை தாய் அல்லது தகப்பன் ஒருவரோடு மட்டும் தென்னாப்பிரிக்காவை விட்டுக் கிளம்பினால், மற்றவருடைய சம்மதக் கடிதம் வேண்டும். உங்கள் கணவர் அதை அஃபிடவிட்டாக (உறுதிமொழிப் பத்திரமாக) எழுதிப் போலீஸ் நிலையத்தில் கையெழுத்துப் போட்டால் முத்திரை வைத்துத் தருவார்கள், காசு கிடையாது. தேதி பயணத்துக்குப் பக்கத்தில் இருக்கட்டும். அதோடு அவருடைய ஐ.டி. நகல், பிள்ளைகளின் முழு விவரப் பிறப்புச் சான்றிதழ். பெற்றோர் இருவர் பெயரும் அதில் இருக்கும். உங்கள் விஷயத்தில் அதுதான் முக்கியம், ஏனென்றால் அப்பா பெயரைப் பின்னால் போடும் நம் வழக்கம் கவுண்டரில் இருப்பவருக்குத் தெரியாது. அவர் பார்ப்பது வேறு வேறு குடும்பப் பெயரை மட்டும்தான். பெரியவன் எவ்வளவு உயரமாக நின்றாலும் 17 என்றால் பிள்ளைதான். எல்லாவற்றையும் கைப்பையில் வையுங்கள், பெட்டிக்குள் போட்டு அனுப்பிவிடாதீர்கள்.

விசா: பிள்ளைகளுக்கும் அவருக்கும் சிங்கப்பூர், மலேசியா இரண்டுக்கும் வேண்டாம். உங்களுக்குச் சிங்கப்பூர் விசா கட்டாயம். பிரிட்டோரியாவில் அவர்கள் தூதரகம் இருக்கிறது, கடைசி வாரம் வரை இழுக்காதீர்கள். மலேசியா இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு 30 நாள் வரை விசா இல்லாமல் விடுகிறது, இந்தச் சலுகை 2026 டிசம்பர் இறுதி வரை. இரண்டு நாட்டுக்கும் வருகை அட்டையை ஆன்லைனில் நிரப்ப வேண்டும், இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள். அது இலவசம். பணம் கேட்கும் தளம் கண்ணில் பட்டால் அது அரசுத் தளம் இல்லை, மூடிவிடுங்கள்.

டிக்கெட்டைப் போக வர ஒரே ஊருக்குப் போடாதீர்கள். டர்பனிலிருந்து துபாய் வழியாகச் சிங்கப்பூரில் இறங்கி, திரும்பும்போது கோலாலம்பூரில் ஏறுங்கள். சிங்கப்பூருக்குத் திரும்பி வரும் வேலையே இல்லை, உங்கள் விசாவுக்கும் அது நிம்மதி. விலை குறைவு என்று அடிஸ் அபாபா, நைரோபி வழியாகப் பார்த்தால் காத்திருக்கும் நேரத்தைக் கவனியுங்கள். அந்த விமான நிலையத்தில் 12 மணி நேரத்துக்கு மேல் இருந்தால் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று கேட்பார்கள், போகும்போது சிங்கப்பூரில், வரும்போது இங்கே. ஊசியும் பத்து நாள் முன்பே போட்டிருக்க வேண்டும்.

பீனிக்ஸ் அக்கா:
தங்கச்சி, ஐந்து ஊர் வேண்டாம். ஒவ்வொரு முறை ஊர் மாறும்போதும் பெட்டி கட்டி, அறையைக் காலி செய்து, ஏர்போர்ட்டில் காத்திருந்து ஒரு பகல் போய்விடும். ஐந்து ஊர் என்றால் நான்கு பகல் காலி. சிங்கப்பூர், கோலாலம்பூர், ஆசையிருந்தால் பினாங்கு. அவ்வளவு போதும்.

உங்கள் மகன் சோம்பேறியும் இல்லை. சிங்கப்பூர் நம்மைவிட ஆறு மணி நேரம் முன்னால். அங்கே காலை எட்டு மணி என்றால் அவன் உடம்புக்கு இரவு இரண்டு. முதல் மூன்று நாலு நாள் காலையில் எதையும் வைக்காமல், அந்த ஊரை ராத்திரியில் காட்டுங்கள். அதற்கென்றே கட்டி வைத்தது போன்ற ஊர். நைட் சஃபாரி இருக்கிறது, 1994இல் தொடங்கியது, உலகத்திலேயே முதல் இரவு விலங்குப் பூங்கா. கார்டன்ஸ் பை த பே தோட்டத்தில் மரம் போன்ற ராட்சதக் கோபுரங்களுக்குக் கீழே இரவு 7.45க்கும் 8.45க்கும் இசையோடு ஒளிக்காட்சி, டிக்கெட் இல்லை. புல்தரையில் மல்லாந்து படுத்துத்தான் பார்க்க வேண்டும், நின்று அண்ணாந்தால் கழுத்து பிடித்துக்கொள்ளும். க்ரூகர் சரணாலயத்தில் சிங்கம் பார்த்த பிள்ளைகளுக்கு நைட் சஃபாரி அலுக்குமோ என்று தோன்றலாம். அங்கே இருப்பது மலாயா டேப்பிர் (பன்றி போல இருக்கும் விலங்கு), மீன்பிடிப் பூனை என்று நம் காட்டில் இல்லாத இனங்கள்.

அப்புறம், ஆளுக்கு அரை நாள் அவர்கள் கையில் கொடுத்துவிடுங்கள். எங்கே போவது, எந்த ரயில், எங்கே சாப்பிடுவது எல்லாம் அவர்கள் பொறுப்பு. நீங்கள் பின்னால் நடந்தால் போதும், வழி தவறினாலும் வாயைத் திறக்கக்கூடாது. (இதுதான் கஷ்டம்.) வரைபடம் பார்த்து ரயில் மாறத் தெரிந்துவிட்டால் அடுத்த நாள் அவர்களே நம்மை இழுத்துக்கொண்டு போவார்கள். ரயிலுக்கும் பஸ்ஸுக்கும் பேங்க் கார்டைத் தட்டினால் போதும், ஆனால் ஒரு கார்டில் ஒருவர்தான் போகலாம். பிள்ளைகளுக்கும் தனிக் கார்டு வேண்டும்.

செலவில் ஒன்று சொல்கிறேன். விமானத்தில் 12 வயதிலிருந்து பெரியவர் கட்டணம். சிங்கப்பூரில் நுழைவுச் சீட்டும் பெரும்பாலும் 12 வரைதான் சிறுவர் விலை. உங்களுக்கு எல்லாக் கணக்கும் முழு டிக்கெட்தான்.

கேப்டவுன் தம்பி:
பாங்காக்கை விடாதீங்க அக்கா! அவ்வளவு தூரம் போயிட்டு அதைப் பாக்காம வரலாமா? அங்கிருந்து விமானம் மலிவு.

பீனிக்ஸ் அக்கா:
நீ நண்பர்களோடு முதுகுப்பையைத் தூக்கிக்கொண்டு போகிற ஆள். இது முதல் வாரம் அம்மாவும் இரண்டு பிள்ளைகளும் மட்டும், அதிலும் இரண்டு நாட்டுப் பாஸ்போர்ட். மூன்றாவது நாடு, மூன்றாவது விதி எதற்கு? தாய்லாந்து எங்கேயும் ஓடிப்போகாது, இன்னொரு தடவை போகட்டும்.

டர்பன் அம்மா:
பெரிய உதவி, எல்லோருக்கும் நன்றி. பாஸ்போர்ட்டுகளை எடுத்துப் பார்த்தேன். பெரியவனுடையது அக்டோபரில் முடிகிறது. பயணம் ஜூலையில் முடிந்துவிடுமே, பரவாயில்லையா?

ஜோபர்க் அண்ணா:
முடியாது. இரண்டு நாட்டுக்கும் போகும்போது ஆறு மாதம் மிச்சம் இருக்க வேண்டும், டர்பன் கவுண்டரிலேயே ஏற்ற மாட்டார்கள். உடனே புதிதுக்கு விண்ணப்பியுங்கள். 16 தாண்டிவிட்டதால் இந்த முறை பத்து வருடத்துக்குக் கிடைக்கும், அதற்குக் கீழே என்றால் ஐந்துதான். 18 ஆகாததால் உங்கள் இருவர் சம்மதமும் தேவை, அவர் ஷிஃப்ட் பார்த்து நாள் குறியுங்கள். உள்துறை அலுவலக வரிசையில் நிற்பதைவிட, பாஸ்போர்ட் எடுத்துத்தரும் வங்கிக் கிளைகளில் ஆன்லைனில் நேரம் வாங்கிப் போவது மேல். புது எண் வந்த பிறகு டிக்கெட்டில் விவரத்தை மாற்றிவிடுங்கள்.

சாட்ஸ்வொர்த் மாமா:
பையன் பையை ஒருமுறை அவனை வைத்துக்கொண்டே பாருங்கள் அம்மா. சந்தேகப்பட்டுச் சொல்லவில்லை. இங்கே பள்ளிக்கூட வாசலிலேயே வேப் (மின் சிகரெட்) ஓடுகிறது, சிங்கப்பூரில் 2018 முதல் அதைக் கையில் வைத்திருப்பதே குற்றம். நண்பனுடையது என்று சொன்னாலும் விடமாட்டார்கள். சூயிங்கமும் கொண்டுபோகக்கூடாது. இறைச்சி எந்த நாட்டிலிருந்து வரலாம் என்று பட்டியலே வைத்திருக்கிறார்கள், அதனால் பில்டாங்கை (நம் ஊர் உலர்ந்த இறைச்சியை) வீட்டிலேயே தின்று தீர்த்துவிட்டுக் கிளம்புங்கள். நம் பெரிய உருண்டைக் குச்சி ப்ளக் இரண்டு ஊரிலும் நுழையாது. சதுரக் குச்சி மூன்று உள்ள அடாப்டர் வேண்டும், ஆளுக்கொன்று வாங்கிவிடுங்கள். ஒன்றை வைத்துக்கொண்டு நாலு போனுக்குச் சண்டை வரும்.

டர்பன் அம்மா:
பாங்காக், புக்கெட் இரண்டையும் அடித்துவிட்டேன். பெரியவன் முகத்தில் இப்போதுதான் சிரிப்பு. சின்னவள் அவள் அரை நாளுக்குச் சிங்கப்பூர் ஹாஜி லேன் தெருவின் சுவர் ஓவியங்களைப் பிடித்து வைத்திருக்கிறாள். எனக்கென்று ஆசை பத்துமலை முருகன் கோயில் மட்டும்தான். அதை எங்கே நுழைப்பது?

பீனிக்ஸ் அக்கா:
கோலாலம்பூரில் இரண்டாவது நாள் வையுங்கள், அதற்குள் பிள்ளைகள் உடம்பு அந்த ஊர் நேரத்துக்கு வந்திருக்கும். அவரும் வந்துவிடுவார். இது ஒன்றுக்கு மட்டும் காலையில் எழத்தான் வேண்டும், பத்து மணிக்கு மேல் வெயிலில் 272 படி ஏறுவது தண்டனை. கேஎல் சென்ட்ரல் நிலையத்திலிருந்து கொமுட்டர் (புறநகர்) ரயில் நேராகக் கோயில் வாசலுக்கே போகிறது. கோயில் என்று சொல்லிக் கூப்பிடாதீர்கள், வானவில் நிறப் படியும் குகையும் என்று சொல்லுங்கள். 2018இல் படிக்கெல்லாம் வண்ணம் அடித்துவிட்டார்கள், படம் எடுக்க அவளே முதலில் ஏறுவாள். முழங்கால் மூடும் உடை போடச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் அடிவாரத்தில் துணி வாடகைக்கு எடுக்க வேண்டிவரும். கையில் சிப்ஸ் பாக்கெட் மட்டும் வேண்டாம், அந்தக் குரங்குகள் நம் டர்பன் குரங்குகளுக்கு அண்ணன்கள்.

டர்பன் அம்மா:
சரி அக்கா. நாளைக்கே வங்கியில் பாஸ்போர்ட்டுக்கு நேரம் எடுக்கிறேன்.