புதுப்பிப்பு: சீரியல் போர்ட்டில் குப்பை எழுத்து, காரணம் கிடைத்துவிட்டது

ஏடிமெகா328பி மைக்ரோகன்ட்ரோலர் சிப்பில் சீரியல் வேகம் 9600 பாட் (நொடிக்கு இத்தனை பிட்) வைத்தும் திரையில் குப்பையாக வருகிறது என்று முந்தாநாள் புலம்பியிருந்தேனே, கண்டுபிடித்தாச்சு. வயரிங்கில் தப்பே இல்லை. டிஎக்ஸ் (அனுப்பும்), ஆர்எக்ஸ் (வாங்கும்) கம்பிகளை மூன்று தடவை மாற்றிப் போட்டதெல்லாம் வெட்டி வேலை.

நிரலில், சிப்பின் கடிகாரம் 16 மெகாஹெர்ட்ஸ் என்று நம்பி, பாட் வேகத்தைத் தீர்மானிக்கும் யூபிஆர்ஆர் பதிவேட்டில் 9600-க்கான 103 போட்டிருந்தேன். சிப்போ புத்தம் புதுசு. உள்ளிருக்கும் 8 மெகாஹெர்ட்ஸ் கடிகாரத்தை எட்டால் வகுக்கும் ஃபியூஸோடுதான் (சிப்புக்குள் இருக்கும் அமைப்பு பிட்) அது வரும். ஓடியது வெறும் 1 மெகாஹெர்ட்ஸில். கடிகாரம் பதினாறில் ஒரு பங்கானால் 9600-ம் 600 ஆகிவிடும். அந்தச் சந்தேகத்தில் கணினியின் டெர்மினலை 600 பாடுக்கு இறக்கினேன். எழுத்து பளிச்சென்று வந்தது!

வெளியிலிருந்து கடிகாரம் தரும் கிரிஸ்டல் வாங்கச் சோம்பல், இப்படியே ஓட்டப்போகிறேன். இந்த வேகத்தில் 9600-க்கு யூபிஆர்ஆரில் 6 போட்டால் பாட் வேகப் பிழை 7 சதவீதம், தாங்காது. சீரியல் வேகத்தை இரட்டிப்பாக்கும் யூ2எக்ஸ் பிட்டை 1 ஆக்கி 12 போட்டால் கணக்குப்படி 0.2தான். ராத்திரி முழுக்க ஓடவிட்டேன், ஓர் எழுத்துகூடச் சிதறவில்லை.