பானட்டில் ப்ரைமர் சுருங்கிவிட்டது, அவசரம், உதவுங்கள்

காவேரிப்பட்டணம்_தம்பி:
அண்ணன்மாரே, வீட்டுக் கொட்டகையில் வைத்து காருக்கு நானே பெயிண்ட் அடிக்கிறேன், முதல் தடவை. நேற்று ப்ரைமர் (நிறத்துக்கு முன்னால் அடிக்கிற அடிக்கோட்) அடித்த பத்தாவது நிமிடத்தில் பானட் முழுக்கப் பாலாடை மாதிரி சுருங்கி எழும்பிவிட்டது. நன்றாகத் தேய்த்துத்தான் அடித்தேன். அடுத்த வாரம் எஃப்.சி. (வண்டித் தகுதிச் சோதனை). மேலேயே இன்னொரு கோட் அடித்தால் மூடிவிடுமா?

பென்னாகரம்_வண்டி:
மூடாது, அடிக்காதீர்கள். என்ன கார், எந்த வருடம்? ப்ரைமர் ஒரு டப்பாவா, ஹார்ட்னரோடு (பெயிண்டை இறுகவைக்கிற திரவம்) இரண்டு டப்பாவா? கதவுகளுக்கும் அடித்தீர்களா? அங்கே எப்படி இருக்கிறது?

பாலக்கோடு_போர்:
தண்ணீர்தான் காரணம். நம் பக்கத்து போர் தண்ணீர் வாளியிலேயே வெள்ளையாகப் படிகிறது. அதில் வாட்டர் பேப்பர் (தண்ணீர் விட்டுத் தேய்க்கிற உப்புத்தாள்) தேய்த்து அப்படியே காயவிட்டால் உப்பு அடியில் தங்கி, ஈரத்தை இழுத்துக் கொப்புளம் கிளப்பும். என் பைக் டேங்க் அப்படித்தான் போனது. அதிலிருந்து ஒகேனக்கல் தண்ணீரில்தான் கடைசி அலசல்.

அரூர்_காற்று:
கம்ப்ரஸர் டேங்கின் அடித் திருகைத் திறந்து தண்ணீரை வடித்தீர்களா? டாஷ்போர்டு பாலிஷ் ஏதாவது கொட்டகையில் அடித்தீர்களா? அதில் இருக்கிற சிலிகான் துளி பட்டாலும் பெயிண்ட் ஒட்டாது.

பென்னாகரம்_வண்டி:
சிலிகான் என்றால் மீன் கண் மாதிரி குழி விழும், சுருங்காது. உப்புக் கொப்புளம் வர வாரக்கணக்காகும். இது பத்து நிமிடத்தில் வந்திருக்கிறது.

பழைய_கை:
தம்பி, இது வீடியோ பார்த்துச் செய்கிற வேலை இல்லை. ஆறு மாதம் வெறும் உப்புத்தாள் பிடித்த பிறகுதான் எங்கள் கையில் ஸ்ப்ரே கன்னைக் கொடுத்தார்கள். கொட்டகை வேலைக்கு என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) பெயிண்ட்தான் சரி. சட்டென்று காயும், தூசி ஒட்டாது. பி.யு. (ஹார்ட்னர் கலக்கிற பாலியூரித்தேன் பெயிண்ட்) ஈரமாகவே நிற்கும், பறக்கிற கொசு எல்லாம் அதில் உட்காரும். நீங்களே அடிக்கலாம் என்று உங்களுக்கு யார் சொன்னது?

ஓசூர்_ஷிப்ட்:
ஐயா, என்.சி. சீக்கிரம் காயும், உண்மை. ஆனால் பெட்ரோல் சிந்தினால் போச்சு, இரண்டு வெயில் காலத்தில் மங்கிவிடும். தரையை நனைத்துவிட்டுக் காலையில் காற்று எழும் முன்னே அடித்தால் பி.யு.விலும் தூசி குறையும்.

காவேரிப்பட்டணம்_தம்பி:
மாருதி 800, 2006, வெள்ளை. போன வருடம் கைமாறி வாங்கியது. ப்ரைமர் ஹார்ட்னர் கலந்தது. கதவெல்லாம் நன்றாக இருக்கிறது, பானட் மட்டும்தான். சிவப்பு பெயிண்ட் வாங்கி வைத்துவிட்டேன்.

ஓசூர்_ஷிப்ட்:
சிவப்பா? ஆர்.சி.யில் வெள்ளை என்றுதானே இருக்கும்? நிறம் மாற்றினால் ஆர்.டி.ஓ.வில் சொல்லி ஏற்ற வேண்டும்.

அரூர்_காற்று:
அதெல்லாம் யார் பார்க்கிறார்கள்? எங்கள் தெருவிலேயே இரண்டு வண்டி அப்படி ஓடுகிறது.

ஓசூர்_ஷிப்ட்:
எஃப்.சி.யில் வண்டியை ஆர்.சி.யோடு வைத்துத்தான் பார்ப்பார்கள். திருப்பி அனுப்பினால் தம்பிக்குத்தான் அலைச்சல். நாளைக்கு இன்ஷூரன்ஸிலும் கேள்வி வரும்.

பழைய_கை:
ஓடுகிற வண்டியெல்லாம் சட்டப்படியா ஓடுகிறது? தம்பிக்குப் பெயிண்ட் கேள்வி, அதைப் பேசுங்கள்.

பென்னாகரம்_வண்டி:
தம்பி, கதவில் வராமல் பானட்டில் மட்டும் வந்தது என்றால், முன்னால் வைத்திருந்தவர் எங்கோ இடித்து பானட்டுக்கு மட்டும் என்.சி. அடித்திருக்கிறார் என்றே நினைக்கிறேன். என்.சி. எத்தனை வருடம் ஆனாலும் தின்னரில் (பெயிண்ட் கரைக்கிற திரவம்) கரையும். ஹார்ட்னர் ப்ரைமரில் உள்ள தின்னர் அதை ஊறவைத்துச் சுருட்டியிருக்கும். கம்பெனி பெயிண்ட் சூளையில் சுட்டது, கரையாது. சோதித்துப் பாருங்கள்: ப்ரைமர் படாத ஓரத்தில் தூசியைத் துடைத்துவிட்டு, தின்னரில் நனைத்த கறுப்புத் துணியை ஒரு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். வெள்ளைத் துணி வேண்டாம், உங்கள் பெயிண்டும் வெள்ளை, தெரியாது.

துணியில் நிறம் இறங்கினால் பானட்டிலிருந்து அந்த என்.சி.யை முழுக்க எடுத்துவிட வேண்டும். தின்னரில் ஊறவைத்துச் சுரண்டி, 180 நம்பர் உப்புத்தாள், பிறகு 320. தகடு தெரிந்தால் அன்றைக்கே எபாக்ஸி ப்ரைமர் (தகட்டைத் துருவிலிருந்து காக்கிற அடிக்கோட்). அது காய்ந்த பிறகு உங்கள் ப்ரைமர், 600 வாட்டர் பேப்பர், அப்புறம்தான் நிறம். சிவப்பைத் திருப்பிக் கொடுத்து வெள்ளையே வாங்குங்கள். கதவிடுக்கும் இன்ஜின் அறையும் வெள்ளையாகத்தானே இருக்கும்.

இன்னொன்று, கெஞ்சிக் கேட்கிறேன். ஹார்ட்னரில் ஐசோசயனேட் என்கிற ரசாயனம் இருக்கிறது. துணி மாஸ்க் அதைத் தடுக்காது, ஆயுளுக்கும் ஆஸ்துமா வரலாம். கார்ட்ரிட்ஜ் (ரசாயன வடிகட்டி) வைத்த மாஸ்க் போட்டு, இரண்டு பக்கமும் திறந்துவைத்து அடியுங்கள். குழந்தைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள்.

பாலக்கோடு_போர்:
600 தேய்க்கும்போதாவது போர் தண்ணீர் வேண்டாம் தம்பி.

காவேரிப்பட்டணம்_தம்பி:
துணியில் வெள்ளை அப்படியே இறங்கியது. கதவில் இல்லை. சுரண்டினால் அடியில் உள்ளங்கை அகலத்துக்குப் பட்டி (பள்ளம் அடைக்கிற பூச்சு), சுற்றிலும் தகடு. வெள்ளையே அடிக்கிறேன். நன்றி அண்ணா.

பழைய_கை:
பட்டியைத் தட்டிப் பார். உள்ளே வெறுமையாக ஒலித்தால் அதையும் எடுத்துவிடு. மேலே எத்தனை கோட் அடித்தாலும் அது நிற்காது.

பென்னாகரம்_வண்டி:
எபாக்ஸி அடித்தாயிற்றா? இரவில் பனி இறங்குகிறது, தகடு திறந்து கிடந்தால் காலையில் துரு பூத்திருக்கும்.

பென்னாகரம்_வண்டி:
தம்பி?