தொழில் தொடங்க வருபவர்களுக்கு ஆலோசனை: மறக்க முடியாத சந்திப்பை எழுதுங்கள்

பதிவு 1

துணிப்பை தைத்து விற்க வேலையை விடப்போவதாகச் சொன்ன பெண்மணி. பை விலை 100. துணி, நூல், கைப்பிடி 60. வாடகை, மின்சாரம், இயந்திரத் தவணை மாதம் 30,000. பைக்கு 40 மிஞ்சினால், 750 பை விற்றால்தான் வரவும் செலவும் சரியாகும். “ஒரு நாளைக்கு எத்தனை தைப்பீங்க?” “இருபது.” 25 நாளைக்கு 500. அவர் பேனா அப்படியே நின்றுவிட்டது. அந்த நேரத்தில் ஆலோசகர் வாயைத் திறக்கவே கூடாது. கொஞ்ச நேரம் கழித்து அவரே, “அப்போ விலை 120 வைக்கணுமா?” என்றார். நாம் சொல்லிக்கொடுத்த விலையாக இருந்தால், முதல் பேரத்திலேயே இறக்கிவிடுவார்.

பதில் 2

120 வைத்தாலும் 500 பைக்கு மிஞ்சுவது 30,000. அது வாடகை, மின்சாரம், தவணைக்கே சரியாகிவிடும். அதில் அவர் சம்பளம் எங்கே? துணி வாங்கப் போகும் நாள், சரக்கு கொண்டுபோய்க் கொடுக்கும் நாள் இதெல்லாம் போனால் 25 நாளும் தைக்க முடியாது. பொறுமை நல்லதுதான். ஆனால் தாளில் எழுதாமல் விட்ட செலவு கண்ணில் படாவிட்டால் அந்தப் பொறுமையால் அவருக்கு ஒரு பயனும் இல்லை.

பதில் 3

பதில் 2 சொல்வது சரி, கேட்கும் விதம்தான் இடிக்கிறது. “சம்பளம் எங்கே?” என்றால் ஆள் சுருங்கிவிடுவார். “அடுத்த மாதம் வீட்டுச் செலவுக்கு என்ன வழி வச்சிருக்கீங்க?” என்று கேளுங்கள், அவரே எழுதிச் சேர்ப்பார். குடிப்பழக்கத்திலிருந்து மீள்பவர்களுக்காக அமெரிக்க உளவியலாளர் வில்லியம் மில்லர் 1983-இல் எழுதிய ஆலோசனை முறையின் அடிப்படையும் இதுதான்: மாற வேண்டிய காரணத்தை வந்தவர் வாயாலேயே வரவழைப்பது. திருத்தத் துடிக்கிற ஆலோசகருக்கு இது லேசில் கைவராது.

“பிடிச்சிருக்குன்னு எல்லாரும் சொன்னாங்க” என்பதை விற்பனையாக எடுக்காதீர்கள். கடைசியாகக் காசு கொடுத்து வாங்கியவர் யார், மறுபடி வந்தாரா என்று கேளுங்கள்.

மேலே எழுதிய இருவரும் கடனுக்கு விற்பதைத் தொடவே இல்லை. கடைக்காரர் 45 நாள் கழித்துப் பணம் தந்தால், மாதம் 500 பை கணக்கில் 750 பை வெளியே நிற்கும். துணியை ரொக்கத்துக்கு வாங்கினால் பொருள் செலவில் மட்டும் 45,000 முடங்கும். லாபக் கணக்கில் இது தெரியாது. வாராவாரம் பணம் வரும் தேதி, போகும் தேதியை எழுத வையுங்கள். வரி, உரிமம் பற்றிக் கேட்டால் ஊகித்துச் சொல்லாமல் கணக்காளரிடம் அனுப்புங்கள்.