மருந்தில்லாமலே எச்.ஐ.வி.யை அடக்கி வைத்திருப்பவர்கள்: நாங்கள் கண்டதும் கேட்டதும்

உவர்மலை மிஸ்:
பாலியல் நோய்க் கிளினிக்கில் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். எங்கள் கிளினிக்குக்கு வந்த ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். அவரை அடையாளம் காட்டக்கூடிய எதையும் எழுத மாட்டேன், வந்த ஆண்டைக்கூட. வெளிநாட்டு வேலைக்கான மெடிக்கலில் எச்.ஐ.வி. இருப்பது தெரிந்து திரும்பி வந்தவர். பயத்தில் வருடக்கணக்காக எந்த வைத்தியரிடமும் போகவில்லை, ஒரு குளிசையும் போடவில்லை. கடைசியில் எங்களிடம் வந்தார். திடகாத்திரமான ஆள். பிறபொருளெதிரிச் சோதனை திரும்பவும் பொசிட்டிவ். ஆனால் குருதியில் வைரசின் அளவு மில்லிலீற்றருக்கு 50 பிரதிகளுக்கும் கீழே.

"மிஸ், அப்ப எனக்கு வருத்தமே இல்லையோ?" எண்டு கேட்டார். வைத்தியர் அவரைப் பக்கத்தில் இருத்தி, "வைரசு உள்ளுக்க இருக்கு தம்பி. உங்கட உடம்பு அதைத் தலைதூக்க விடாமல் வச்சிருக்கு" எண்டு சொன்னவர். தொற்று உள்ளவர்களில் நூற்றுக்கு ஒருவர்கூட இப்படி இல்லை. என் சேவைக்காலத்தில் அப்படி ஒருவரைக் கண்டதை இன்றைக்கும் பெரிய விஷயமாகவே நினைக்கிறேன். இங்கே வேறு யாரும் இப்படி ஒருவரைச் சந்தித்திருக்கிறீர்களா?

பாலையூற்று சேர்:
நான் சந்தித்ததில்லை மிஸ். ஆனால் உயர்தர உயிரியல் வகுப்பில் நிர்ப்பீடனம் (நோய் எதிர்ப்புச் சக்தி) படிப்பிக்கும்போது ஒரு மாணவி, "எல்லாருக்கும் ஒரே வைரசு எண்டால் ஏன் சேர் சிலருக்கு மட்டும் வருத்தம் வாறேல்லை?" எண்டு கேட்டாள். அந்தக் கேள்விக்காகவே நிறையத் தேடி வாசித்தேன்.

தொற்றிய கலம், தனக்குள் இருக்கும் வைரசுப் புரதத்தின் துண்டுகளை எச்.எல்.ஏ. மூலக்கூறுகளில் ஏந்தி மேற்பரப்பில் காட்டும். அதைக் கண்டு, நிர்ப்பீடனத் தொகுதியின் வெண்குருதிக் கலங்களான சீ.டி.8 வகை டி கலங்கள் அந்தக் கலத்தைக் கொல்லும். இது எல்லோரிலும் நடக்கிறது. வித்தியாசம், எந்தத் துண்டு காட்டப்படுகிறது என்பதில். பி57, பி27 என்ற எச்.எல்.ஏ. வகைகள் உள்ளவர்களில் காட்டப்படுவது பெரும்பாலும் காக் என்ற புரதத்தின் துண்டுகள். வைரசின் உட்கூடு அந்தப் புரதத்தால் ஆனது. எச்.ஐ.வி. ஓயாமல் உருமாறித் தப்பிக்கும் வைரசு. ஆனால் சுவரின் நிறத்தை மாற்றலாம், நடுத்தூணில் கைவைத்தால் வீடே சரியும். காக்கில் மாறித் தப்பினாலும், பெருகும் வலுவை வைரசு இழந்துவிடுகிறது.

2010இல் சயன்ஸ் இதழில் வந்த ஆய்வு, மருந்தில்லாமல் வைரசை அடக்குவோர் 974 பேரையும் அடக்க முடியாத 2,648 பேரையும் ஒப்பிட்டது. எச்.எல்.ஏ.-பி புரதத்தில் துண்டைப் பற்றிக்கொள்ளும் பள்ளத்திலுள்ள சில அமினோ அமிலங்களில்தான் வேறுபாட்டின் பெரும்பகுதி இருந்தது. அத்தனை பெரிய நோயில் இவ்வளவு சிறிய இடம்! (அதே பி27 முள்ளந்தண்டு மூட்டழற்சியோடும் தொடர்புடையது. உடம்பு எதையும் இலவசமாகத் தருவதில்லை.)

ஆனாலும் பி57 இருந்தும் நோய் முற்றியவர்கள் நிறைய உண்டு. டி கலங்களின் எண்ணிக்கையை விட அவற்றின் திறன் முக்கியம். அடக்குவோரின் சீ.டி.8 கலங்கள் வைரசைக் கண்டதும் வேகமாகப் பெருகி, பேர்ஃபோரின் போன்ற கொல்லும் புரதங்களைத் திரும்ப உருவாக்கிக்கொள்கின்றன.

2020இல் நேச்சர் இதழில் வந்ததுதான் என்னை மிகவும் உலுக்கியது. இப்படி அடக்குவோர் 64 பேரின் கலங்களில் தேடியபோது, எஞ்சியிருந்த முழுமையான வைரசுப் பிரதிகள் பெரும்பாலும் நிறமூர்த்தங்களின் செயலற்ற பகுதிகளில் முடங்கிக் கிடந்தன. விழித்தெழக்கூடிய இடங்களில் இருந்தவற்றை நிர்ப்பீடனத் தொகுதி வருடக்கணக்காகக் களையெடுத்திருக்க வேண்டும் என்பது ஆய்வாளர்களின் விளக்கம். 1992இல் தொற்று கண்டறியப்பட்ட கலிபோர்னியாவின் லொரீன் வில்லன்பர்க்கிடம் 150 கோடி கலங்களில் தேடியும் முழுமையான வைரசு ஒன்றுகூட அகப்படவில்லை.

நிலாவெளிப் பக்கம்:
பெயர் போடாமல் எழுதுறன். நான் குளிசை போடுற ஆள். ஆரும் காணக்கூடாதெண்டு வேற மாவட்டத்துக் கிளினிக்குக்குப் போறனான். போன வருசம் வட்ஸப்பில ஒரு வொய்ஸ் வந்தது: சிலற்ற உடம்பு தானாகவே எச்.ஐ.வி.யை வெல்லுதாம், மருந்து அதைக் கெடுக்குதாம். வீட்டில அம்மாவுக்கு மட்டும்தான் என்ர விசயம் தெரியும். அவ அதைக் கேட்டிட்டு, "உனக்கும் அப்பிடி இருக்கலாம் ராசா, கொஞ்ச நாள் விட்டுப் பாரன்" எண்டா. அவவின்ர கண்ணில இருந்த ஆசையைப் பாக்கேலாமல் இருந்தது.

நான் விடேல்லை. டொக்டரிட்டக் கேட்டன். குளிசையால அடங்கினதும் தானா அடங்கினதும் ரிப்போட்டில ஒரே மாதிரித்தான் தெரியும், விட்டால் அநேகமா எல்லாருக்கும் சில கிழமையில வைரசு திரும்பும் எண்டார். 2006இல முடிஞ்ச ஸ்மார்ட் எண்ட ஆய்வில குளிசையை இடையில நிப்பாட்டின ஆக்களில நோயும் சாவும் கூடினதால, ஆய்வையே பாதியில நிறுத்தினவையாம். அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய் அவற்ற வாயாலேயே கேக்க வச்சன். இப்ப அவதான் இரவில "குளிசை போட்டியோ?" எண்டு கேக்கிறா. சேர் எழுதினதை அவவுக்கு வாசிச்சுக் காட்டப்போறன்.

மூதூர் ராத்தா:
தம்பி, உங்க உம்மாவுக்கு என் சலாம். மிஸ், நான் மருத்துவ மாதுவாக வேலை செய்றன். உங்கட கிளினிக்குக்கு வந்தவருக்கு அதுக்குப் பிறகு மருந்து குடுத்தீங்களா, சும்மா விட்டீங்களா? அப்படி ஒரு கர்ப்பிணித்தாய் வந்தா என்ன செய்வாங்க?

உவர்மலை மிஸ்:
ராத்தா, ஆரம்பத்தில் கண்காணிப்பு மட்டும்தான். பிறகு அவருடைய சீ.டி.4 எண்ணிக்கை (எச்.ஐ.வி. தாக்கும் நிர்ப்பீடனக் கலங்களின் எண்ணிக்கை) மெல்லக் குறையத் தொடங்கியது. வைரசு அடங்கியிருந்தாலும் உடம்புக்குள் ஓயாத அழற்சி இருக்கும், இருதயத்துக்கும் அது நல்லதில்லை. சிலருக்குக் காலப்போக்கில் அடக்கும் சக்தியே போய்விடும். காத்திருக்காமல் உடனே மருந்து தொடங்குவதே நல்லது என்று காட்டிய ஸ்டார்ட் ஆய்வின் முடிவு 2015இல் வந்த பிறகு, சீ.டி.4 எவ்வளவு இருந்தாலும் எல்லோருக்கும் சிகிச்சை என்று உலக சுகாதார நிறுவனம் வழிகாட்டியது. அவருக்கும் விளக்கிச் சொன்னோம், சம்மதித்துத் தொடங்கினார்.

கர்ப்பிணி என்றால் காத்திருக்கவே மாட்டார்கள். வைரசு அளவு எவ்வளவு குறைவாக இருந்தாலும் மருந்து கொடுப்பார்கள், பிறக்கும் பிள்ளைக்கும் பாதுகாப்பு மருந்து உண்டு. தாயிலிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி. தொற்றுவதை ஒழித்த நாடு என்று 2019இல் இலங்கைக்குச் சான்றிதழ் கிடைத்ததில் உங்களைப் போன்ற மருத்துவ மாதுகள் வீடு வீடாகப் போய் அம்மாமாரை இரத்தப் பரிசோதனைக்கு அனுப்பியதற்குப் பெரிய பங்கு இருக்கிறது. யாரும் தயங்கினால், சோதனையும் மருந்தும் இலவசம், விபரம் வெளியே போகாது என்று சொல்லி அனுப்புங்கோ.