காக்காய்க்கொல்லி விதையும் பழைய மயக்க முறிவு ஊசியும்: விவரம் தேவை

வணக்கம். மருந்து வரலாறு பற்றி எங்கள் ஊர் நூலகத்தில் பேசப்போகிறேன். நம் காடுகளில் படரும் காக்காய்க்கொல்லிக் கொடியின் விதையில் இருந்து 1812இல் பிரித்தெடுத்த பிக்ரோடாக்சின்தான் தலைப்பு. மீனை மயக்கத் தண்ணீரில் கலக்கும் அதே நஞ்சு!

பார்பிட்யூரேட் தூக்க மாத்திரை மிஞ்சி நினைவிழந்தவர்களுக்கு 1930களில் இதையே ஊசியாகப் போட்டார்கள். அந்த மாத்திரை மூளையை அமைதிப்படுத்தும் காபா என்ற வேதிப்பொருளின் வேலையைக் கூட்டும், இது தடுக்கும். ஆனால் அளவு சற்றே கூடினால் வலிப்பு. அப்புறம் டென்மார்க் மருத்துவர்கள், மூச்சையும் ரத்த அழுத்தத்தையும் காத்தாலே அதிகம் பேர் பிழைப்பதைக் காட்டினார்கள். இந்த மாற்றம்தான் என்னை மிகவும் ஈர்க்கிறது.

பிக்ரோடாக்சினோ, மூச்சைத் தூண்டும் கொராமின் என்ற பழைய மருந்தோ போட்டதைப் பார்த்த மூத்த டாக்டர்கள், நர்ஸ்கள், கம்பவுண்டர்கள் உங்கள் வீட்டில் உண்டா? கேட்டுச் சொல்லுங்கள். கொடியின் படம் இருந்தாலும் அனுப்புங்கள். விதையை மட்டும் வாயில் வைத்துவிடாதீர்கள்.