கலைச்சொல்: வாலில் கொழுப்பு சேர்க்கும் செம்மறிக்கு என்ன பெயர்?

நண்பர்களே, வணக்கம்.
எட்டாம் வகுப்புக்கான துணைநூல் ஒன்று வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. அதில் மங்கோலியச் செம்மறி குளிர்காலத்தைத் தாண்டும் விதம் பற்றி ஒரு பாடம். அங்கே குளிர் மைனஸ் 40 டிகிரி வரை போகும், ஈரமும் குறைவு. ஒண்டி நிற்பது, இரைப்பையில் புல் நொதித்து எழும் சூடு, இதற்கெல்லாம் சொல் கிடைத்துவிட்டது. கோடையிலும் இலையுதிர் காலத்திலும் தின்று வாலில் கொழுப்பைச் சேர்த்து, மேய்ச்சல் இல்லாத மாதங்களில் அதைக் கரைத்து வாழும் இந்த ஆட்டு வகைக்குத்தான் பெயர் இல்லை. 'தடிவால்' என்று எழுதி வைத்திருக்கிறேன், மனம் ஒப்பவில்லை.
— ந.

கொழுவால்! அருமையான வினைத்தொகை: கொழுத்த வால், கொழுக்கின்ற வால், கொழுக்கும் வால். சேர்ப்பது, வைத்திருப்பது, மறுபடி சேர்ப்பது மூன்றும் இதற்குள் அடக்கம். கொழுமீன் சங்கப் பாட்டிலேயே உண்டு. செழிப்பைச் சொல்லும் கொழுமையும் அதே வேர்தான். கலப்பையில் மண்ணைக் கிழிக்கும் இரும்பு முனைக்கும் கொழு என்றுதான் பெயர்.
— இரா.

ஐயா, கலப்பையை நீங்களே எடுத்துவிட்டீர்கள். 'கொழுவால் உழுதான்' என்றால் மூன்றாம் வேற்றுமை. 'கொழுவால் செம்மறி குளிரைத் தாங்கும்' என்று படிக்கிற பிள்ளை என்ன நினைக்கும்? என் பரிந்துரை நிணவால். கொழுப்பைக் குறிக்க நிணம் நல்ல பழஞ்சொல்.
— பொ.

நான் கால்நடை மருத்துவர். நிணநீர் என்பது பாடநூலில் வேறு பொருளில் நிலைத்துவிட்டது, அதனால் நிணவால் வேண்டாம். பெயரை விட ஒன்று முக்கியம்: பாடம் குளிரை மட்டும் பேசுகிறதா? மங்கோலிய மேய்ப்பர்கள் கொடிய குளிர்காலத்தை 'ஸுட்' என்பார்கள். பனி மூடிப் புல் கிடைக்காமல் போவது வெள்ளை ஸுட், பனியே பெய்யாமல் தாகத்தில் ஆடு சாவது கறுப்பு ஸுட். குளத்து நீர் உறைந்த பிறகு பனியைத் தின்றுதான் ஆடு தாகம் தீர்க்கிறது. சிறுநீரைச் செறிவாக்கி, சாணத்தை வறண்ட புழுக்கையாக்கி, வெளிவிடும் மூச்சின் ஈரத்தை மூக்கிலேயே ஓரளவு மீட்டு நீரைக் காக்கிறது. இதை விட்டுவிட்டால் பாடம் பாதிதான்.
— சு.

சு. அம்மா சொல்வது சரி, அந்தப் பகுதியைச் சேருங்கள். பெயருக்கு, வகுப்பில் நிற்கிற ஆள் என்ற முறையில் 'கொழுப்புவால் செம்மறி' என்பேன். 'உனக்குக் கொழுப்பா?' என்று பையன்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும், பொருள் உடனே புரிந்துவிடும். விளக்கக் குறிப்பு தேவைப்படும் சொல் பிள்ளைகளுக்கு ஒரு சுமை.
— த.

ஆட்டுக்கு மோத்தை, தகர், உதள், அப்பர் என்று தொல்காப்பிய மரபியல் எத்தனை பெயர் தருகிறது! அவற்றில் ஒன்றுக்கு உயிர் கொடுக்கலாமே?
— பொ.

அவை கடாவின் பெயர்கள் ஐயா. வாலில் கொழுப்பு பெட்டைக்கும் உண்டு. இலையுதிர் காலத்தில் இணைந்து, ஐந்து மாதம் சுமந்து, வசந்தத்தில் ஈனும் வரை அதற்குத்தான் அந்தச் சேமிப்பு கூடுதலாகத் தேவை.
— சு.

நேரம் இல்லை. நால்வர் கொழுப்புவால் பக்கம் என்று தனிமடல்களையும் சேர்த்துக் கணக்கிட்டு அதையே அனுப்புகிறேன். நீர் பற்றி ஒரு பத்தி சேர்த்தாயிற்று.
— ந.

அனுப்புங்கள். ஆனால் கொழுப்புவால் தொழிற்பெயரை வாலில் ஒட்டிய சொல், அதில் வினை ஓடவில்லை. அடுத்த பதிப்பு வரும்போது கொழுவாலை மறுபடி கேட்பேன். கலப்பை பார்க்காத பிள்ளைகளுக்கு வேற்றுமை மயக்கம் எங்கிருந்து வரும்?
— இரா.