ஹெரால்ட் காரில் இரண்டு மீட்டர் ஊசியும் மேலேயே போய் நிற்கின்றன. மீட்டரை மாற்றத்தான் வேண்டுமா?

நங்கநல்லூர்_ஹெரால்ட்:
வணக்கம். எங்களிடம் 1970 ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் ஒன்று இருக்கிறது. தாத்தா வாங்கியது, மெட்ராஸிலேயே தயாரான வண்டி. சமீபத்தில் டாஷ்போர்டைக் கழற்றி உள்பக்கம் பெயின்ட் அடித்து மாட்டினோம். அதிலிருந்து பாதி டேங்க் பெட்ரோல் இருக்கும்போதே ஊசி ஃபுல்லைத் தாண்டி நிற்கிறது. டெம்பரேச்சர் ஊசியும் கிண்டி போய்ச் சேர்வதற்குள் ஹாட் பக்கம் ஏறிவிடுகிறது. ரேடியேட்டரில் தண்ணீர் குறையவில்லை, கொதிக்கவும் இல்லை. ஒர்க்‌ஷாப்பில் காட்டினால், "பழைய மீட்டர், ரெண்டும் போச்சு, மாத்திடுங்க" என்கிறார்கள். இந்த மீட்டர் இங்கே எளிதில் கிடைக்காது. மாற்றுவதற்கு முன் உறுதியாகத் தெரிந்துகொள்ள வழி உண்டா?

ராயப்பேட்டை_வயரிங்:
தம்பி, மீட்டரைக் கழற்றாதீர்கள். அதற்கு முன் ஒன்று, இஞ்சின் நிஜமாகவே சூடாகவில்லை என்று நிச்சயம் செய்துகொள்ளுங்கள். கன் தெர்மாமீட்டர் இருந்தால் ரேடியேட்டர் மேல் ஹோஸின் ரப்பரில் காட்டிப் பாருங்கள். 80, 85 டிகிரி பக்கம் நின்றால் இஞ்சின் மேல் குறையில்லை.

இனி மீட்டர் விஷயம். ஒரு மீட்டர் மட்டும் தப்பாகக் காட்டினால் அந்த மீட்டரையோ, அதன் வயரையோ, சென்டரையோ (டேங்கிலும் இஞ்சினிலும் இருந்து மீட்டருக்கு அளவை அனுப்பும் சென்சார்) சந்தேகப்படலாம். இரண்டும் ஒரே நாளில், ஒரே பக்கமாகத் தப்பினால் இரண்டுக்கும் பொதுவாக இருக்கிற இடத்தில்தான் கோளாறு. சாவியைப் போட்டதும் உங்கள் ஊசி சட்டென்று குதிக்கிறதா, மெல்ல ஊர்ந்து அரை நிமிடம் போல எடுத்து நிற்கிறதா? மெல்ல ஏறினால் அது சூட்டில் வேலை செய்கிற மீட்டர். உள்ளே இரண்டு உலோகம் ஒட்டிய பட்டை, அதைச் சுற்றி கம்பிச் சுருள். கரண்ட் போனால் பட்டை சூடாகி வளையும், ஊசி நகரும். இந்த வகைக்கு நேரடி பேட்டரி கரண்ட் ஆகாது. டாஷ்போர்டுக்குப் பின்னால் தீப்பெட்டியை விடச் சின்னதாக ஒரு தகர டப்பி இருக்கும், அதுதான் வோல்டேஜ் ஸ்டெபிலைசர். அது கரண்டை விட்டு விட்டுக் கொடுத்து சராசரி 10 வோல்டில் வைத்திருக்கும்.

அந்த டப்பிக்கு எர்த், அதாவது பாடி வழியாக பேட்டரிக்குத் திரும்பும் இணைப்பு, கிடைப்பதே அதன் தகர உடம்பும் பிடித்திருக்கும் ஸ்க்ரூவும் வழியாகத்தான். எர்த் இல்லை என்றால் உள்ளே இருக்கிற ஹீட்டர் சுருளில் கரண்ட் ஓடாது. அது ஓடவில்லை என்றால் பாயின்ட், அதாவது கரண்டை விட்டு விட்டுக் கொடுக்கும் தொடுமுனை, பிரியவே பிரியாது. அப்போது வண்டி ஓடும்போது வரும் 14 வோல்ட் அப்படியே மீட்டருக்குப் போகும். சூடு வோல்டேஜின் வர்க்கத்தில் ஏறும். 10க்குப் பதில் 14 போனால் ஏறக்குறைய இரண்டு மடங்கு சூடு. உங்கள் பாதி டேங்க் ஏன் ஃபுல்லைத் தாண்டுகிறது என்பதற்கு இதுவே போதும். பெயின்ட் அடித்த பிறகு வந்தது என்கிறீர்களே, எனக்கு அந்த ஸ்க்ரூ மேல்தான் சந்தேகம்.

சோதிக்க டெஸ்ட் லேம்ப் போதும். சாவியைப் போட்டு, டப்பியிலிருந்து மீட்டருக்குப் போகும் முனையில் ஒரு நுனியையும் பாடியில் மறுநுனியையும் வையுங்கள். சற்று நேரத்தில் பல்பு விட்டு விட்டு எரிய ஆரம்பித்தால் டப்பி உயிரோடு இருக்கிறது. அணையாமல் எரிந்துகொண்டே இருந்தால் எர்த் இல்லை, அல்லது பாயின்ட் ஒட்டிக்கொண்டது. எரியவே இல்லை, ஆனால் டப்பிக்கு உள்ளே வரும் முனையில் கரண்ட் இருக்கிறது என்றால் பாயின்ட் கருகிவிட்டது. அப்படியானால் இரண்டு ஊசியும் படுத்தே கிடக்கும். டிஜிட்டல் மல்டிமீட்டரை நம்பாதீர்கள், இந்த இடத்தில் எண்கள் குதித்துக்கொண்டே இருக்கும்.

ஒரு எச்சரிக்கை. டேங்க் வயரைக் கழற்றி பாடியில் தொட்டுப் பார் என்று பலரும் சொல்வார்கள். தொட்டால் ஊசி ஃபுல்லுக்கு ஓடும், அது உண்மை. ஆனால் 14 வோல்ட் போய்க்கொண்டிருக்கும் மீட்டரில் அதைச் செய்தால் சுருள் கருகிப்போகும். அப்புறம் நிஜமாகவே மீட்டர் தேட வேண்டியதுதான். பெட்ரோல் டேங்க் பக்கத்தில் பொறி கிளப்பும் வேலையும் கூடவே கூடாது.

ரிச்சிதெரு_வாடிக்கை:
அண்ணன் சொன்ன வரிசையில் போங்கள். டப்பி செத்திருந்தால் ரிச்சி தெருவில் 10 வோல்ட் கொடுக்கும் 7810 ரெகுலேட்டர் ஐசி கிடைக்கும், சில்லறைக் காசுதான். உள்ளே, எர்த், வெளியே என்று மூன்று கால், கூடவே இரண்டு சின்ன கெப்பாசிட்டர். நான் என் வண்டியில் பழைய டப்பிக்குள்ளேயே வைத்து மூடிவிட்டேன், வெளியே பார்த்தால் ஒரிஜினல் மாதிரியே இருக்கும். ஆனால் பேட்டரியின் எந்த முனை பாடியில் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். பழைய வண்டிகளில் பாசிட்டிவ் எர்த் உண்டு, அதற்கு இது ஆகாது. மீட்டரைத் தனியாகச் சோதிக்க 68 ஓம், 1 வாட் ரெசிஸ்டர் ஒன்றும் வாங்கிக்கொள்ளுங்கள். சென்டர் வயருக்கும் எர்த்துக்கும் நடுவே அதை மாட்டினால் பெட்ரோல் ஊசி பாதிக்குக் கிட்டே நிற்க வேண்டும்.

நங்கநல்லூர்_ஹெரால்ட்:
ஐயா, ஊசி மெல்லத்தான் ஏறுகிறது. பல்பு அணையவே இல்லை. டப்பியின் ஸ்க்ரூவைக் கழற்றினால் அடியில் முழுக்கப் பெயின்ட். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பல் வைத்த வாஷர் ஒன்று போட்டு இறுக்கினேன். பல்பு இப்போது கண் சிமிட்டுகிறது. டெம்பரேச்சர் ஊசி நடுவில் நிற்கிறது, ஹோஸில் 82 டிகிரி. ரொம்ப நன்றி. மீட்டருக்கு ஆர்டர் கொடுக்க இருந்தோம். ஆனால் டேங்க் நிரப்பியும் பெட்ரோல் ஊசி முக்காலைத் தாண்டவில்லை. மிக்ஜாம் மழையில் வண்டி டிக்கி வரை தண்ணீரில் நின்றது, அதனால் இருக்குமா?

ராயப்பேட்டை_வயரிங்:
சந்தோஷம் தம்பி. டப்பியைத் தலைகீழாக மாட்டவில்லையே? மேல் பக்கம் எது என்று அதிலேயே குறித்திருக்கும், சாய்ந்தால் கணக்கு மாறும்.

முக்காலில் நிற்பதற்குத் தண்ணீர் காரணமாக இருக்கலாம். டேங்க் நிறைய நிறைய சென்டரின் ஓம் குறையும். காலியில் 240 பக்கம், நிறைந்தால் 20, 30. டேங்குக்கும் பாடிக்கும் நடுவே துரு ஏறி 20 ஓம் கூடினால் காலி டேங்கில் வித்தியாசமே தெரியாது, நிறைந்த டேங்கில்தான் ஊசி கீழே நிற்கும். பேட்டரியைக் கழற்றிவிட்டு சென்டரின் உலோக விளிம்புக்கும் பேட்டரியின் எர்த் வயருக்கும் நடுவே ஓம் பாருங்கள். அரை ஓமுக்கு மேல் காட்டினால் டேங்க் போல்டைத் தேய்த்து, தனியாக ஒரு எர்த் வயர் இழுத்துவிடுங்கள். ஹெரால்டில் சேசிஸ் (அடிச்சட்டம்) வேறு, பாடி வேறு. அதனால் வயரை பாடியிலேயே முடியுங்கள். சென்டரைத் திறக்கும் வேலை வந்தால் மட்டும் பெட்ரோல் குறைந்த பிறகு, காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள்.